டெப்ரிகேட்: வேண்டாம் என்பார்கள், தடுக்க மாட்டார்கள்

ஆங்கிலத்தில் ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஏகப்பட்ட சொற்கள் இருக்கின்றன. அவற்றில் 'டெப்ரிகேட்' மட்டும் நான் பார்த்த இரண்டு வேலைகளிலும் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. முதல் வேலை சென்னை தம்புச் செட்டித் தெருவில். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து இதழாக வெளியிடும் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்த்தேன். இப்போது செய்வது ஓ.எம்.ஆரில், ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குக் கையேடுகளும் வெளியீட்டுக் குறிப்புகளும் எழுதுகிற வேலை. நீதிபதிகளுக்கும் புரோகிராமர்களுக்கும் பொதுவாக ஒரு சொல் இருக்கிறதென்றால் அது இதுதான். நடுவில் இருக்கிற மற்றவர்கள் இது இல்லாமலேயே சௌக்கியமாக இருக்கிறார்கள். காபியில் சர்க்கரை கூடிவிட்டது என்று யாரும் டெப்ரிகேட் செய்வதில்லை.

அகராதியைத் திறந்தால் 'ஏற்கவில்லை என்று தெரிவித்தல்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இதைப் பயன்படுத்தினால் எங்காவது இடறும். இதை ஆளைப் பார்த்துச் சொல்வது வழக்கமில்லை. செயலை, பழக்கத்தை, போக்கைத்தான் டெப்ரிகேட் செய்வார்கள். மருமகனை டெப்ரிகேட் செய்ய முடியாது, அவர் இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவதைச் செய்யலாம். அப்புறம், சொல்கிறவருக்குக் கொஞ்சம் அந்தஸ்து வேண்டும். நீதிமன்றம் சொல்லலாம், தலையங்கம் சொல்லலாம், ஒரு தர நிர்ணய அமைப்பு சொல்லலாம். தெருமுனையில் நின்று சொன்னால் கிண்டல் செய்வதாகத்தான் நினைப்பார்கள். 'டிஸப்ரூவ்' என்பதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியும், முகத்தைச் சுளித்தே தெரிவிக்கவும் முடியும். டெப்ரிகேட் வாய் திறந்தோ எழுத்திலோ வர வேண்டும். 'கண்டெம்ன்' அளவுக்கு அதில் சூடு கிடையாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒன்றை டெப்ரிகேட் செய்ததனால் அது நின்றுவிடாது. இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் என் தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். அவன் திருப்பூரில் ஆடிட்டர். நான் தொலைபேசியில் 'இந்த வசதியை டெப்ரிகேட் பண்ணிட்டாங்க' என்றால் அவன் காதில் 'டெப்ரிஷியேட்' என்றுதான் விழும். உடனே 'எத்தனை சதவீதம்?' என்பான். அவனுக்குக் கணினி என்றாலே வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம். பனியன் கம்பெனி இயந்திரம் என்றால் 15. இரண்டு சொற்களும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருந்தாலும் குடும்பமே வேறு. டெப்ரிஷியேட்டுக்குள் இருப்பது 'ப்ரெட்டியம்', லத்தீனில் விலை. விலை இறங்குவதுதான் தேய்மானம். டெப்ரிகேட்டுக்குள் இருப்பது 'ப்ரெகாரி', வேண்டிக்கொள்வது, மன்றாடுவது.

ஆங்கிலேயர்களே இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள்தான். தன்னையே மட்டம் தட்டிப் பேசுவதற்கு முதலில் 'செல்ஃப் டெப்ரிஷியேட்டிங்' என்றார்கள். தன் விலையைத் தானே குறைத்துக்கொள்வது, சரியான பொருள். பிறகு உச்சரிப்பு வழுக்கி 'செல்ஃப் டெப்ரிகேட்டிங்' ஆகி, இன்று அதுதான் எங்கும் புழங்குகிறது. பழைய வடிவத்தை இப்போது எழுதினால் எழுத்துப் பிழை என்று திருத்தி அனுப்புவார்கள். ஆகவே தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வேண்டுதல் என்றேன் அல்லவா? 17-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதன் பொருள் 'ஒன்று வராமல் போகும்படி வேண்டிக்கொள்வது'. ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெபப் புத்தகத்தில் லித்தானியா என்ற மன்றாட்டுத் தொடர் இருக்கிறது. மின்னல், புயல், கொள்ளைநோய், பஞ்சம், போர், கொலை, திடீர் மரணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, 'இவற்றிலிருந்து எங்களை விடுவியும் ஆண்டவரே' என்று சபையே சேர்ந்து கேட்கும் பகுதிக்கு 'டெப்ரிகேஷன்கள்' என்றே பெயர். சித்திரை வெயிலில் அம்மை போட்டுவிடாமல் இருக்க மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்துகொள்கிறோமே, அந்த வகை. வந்த நோயைத் தீர்க்கச் சொல்வது வேறு, வராமல் தடுக்கச் சொல்வது வேறு; இது இரண்டாவது.

பிறகு இந்தச் சொல் கோயிலை விட்டு வெளியே வந்தது. கடவுளிடம் 'இது வேண்டாம்' என்று கேட்டது, மனிதர்களிடம் 'இது வேண்டாமே' என்று கேட்பதாயிற்று. அங்கிருந்து 'இது கூடாது என்பது என் கருத்து' என்று நகர்ந்தது. கெஞ்சல் போய்விட்டது, கையில் அதிகாரம் இல்லாத தன்மை மட்டும் ஒட்டிக்கொண்டது. (இதே வேரிலிருந்து வந்த இன்னொன்று 'இம்ப்ரிகேட்', அதாவது கெட்டது வரட்டும் என்று வேண்டுவது, சாபம். 'ப்ரிகேரியஸ்' கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். கேட்டு வாங்கியதை எப்போது வேண்டுமானாலும் பறித்துக்கொள்வார்கள், அதனால் நிலையில்லாதது. இது எனக்கு மிகவும் பிடித்த குடும்பம்.)

தம்புச் செட்டித் தெருவுக்கு வருகிறேன். தீர்ப்புகளைப் படித்துப் படித்து எனக்கு நீதிபதிகளின் கோபத்தை அளக்கத் தெரிந்துவிட்டது. 'இதை எங்களால் பாராட்ட இயலவில்லை' என்றால் லேசான எரிச்சல். 'இந்தப் பழக்கம் டெப்ரிகேட் செய்யத்தக்கது' என்றால் முகம் இறுகிவிட்டது என்று பொருள். முன்னால் 'ஸ்ட்ராங்லி' என்ற சொல்லும் சேர்ந்தால் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்திருப்பார். இந்திய நீதிமன்ற ஆங்கிலத்தில் இந்தச் சொல் இன்னமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. திரும்பத் திரும்ப வாய்தா கேட்பது, உண்மைகளை மறைத்து மனுப் போடுவது, சாதகமான நீதிபதி கிடைக்கும்வரை நீதிமன்றம் மாற்றி நீதிமன்றம் ஏறுவது எல்லாம் இதற்கு இலக்காகும். தமிழ்ப் பத்திரிகைகள் இதைக் 'கண்டனம்' என்று போட்டுவிடும். ஒரு படி கூடுதலான சொல் அது. நீதிபதி எச்சரித்தார் என்பதற்கும் அபராதம் விதித்தார் என்பதற்கும் நடுவில் இருக்கிற ஒன்றுக்குத் தமிழ்ச் செய்தித் தலைப்பில் இடம் இல்லை.

அபராதம் இல்லை, தடை இல்லை, வழக்கின் முடிவும் அந்த ஒரு வரியால் மாறாது. அடுத்த வாரமே வேறொரு வக்கீல் அதே வாய்தாவைக் கேட்பார். தீர்ப்பில் அந்த வரிக்கு என்ன வேலை என்று அப்போது நான் அலுத்துக்கொண்டதுண்டு. சில விஷயங்களில் அந்த அலுப்பு இன்றைக்கும் நியாயம்தான் என்று தோன்றுகிறது.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம், முன்பே உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பார்ப்பதாகச் சொல்லிச் செய்யப்பட்டுவந்த இரு விரல் சோதனை அப்படி ஒன்று. அது அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அது வேண்டாம் என்று வழிகாட்டி நெறிமுறைகளும் வெளியிட்டது. சோதனை நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று நீதிபதிகள் சந்திரசூட், ஹிமா கோலி அமர்வு மறுபடியும் இந்த விஷயத்தை எடுத்தது. இந்தச் சோதனையை இந்த நீதிமன்றம் பலமுறை டெப்ரிகேட் செய்திருக்கிறது என்று நினைவூட்டிய அமர்வு, அத்தோடு விடவில்லை. இனி இதைச் செய்கிறவர் முறைகேடு செய்தவராகக் கருதப்படுவார், மருத்துவப் பாடத்திட்டத்திலிருந்தே இதை எடுக்க வேண்டும் என்றது. 2013-க்கும் 2022-க்கும் நடுவில் எத்தனை பெண்கள் அந்த மேஜையில் படுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சொல் அத்தனை காலமும் தீர்ப்புகளில் பத்திரமாக இருந்தது. அதன் பின்னால் விளைவு என்று ஒன்று வைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின.

மென்பொருளுக்கு வந்த புதிதில், திரையில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் பழைய மேலாளரைப் புது அலுவலகத்தில் பார்த்த மாதிரி இருந்தது. இங்கே அதன் பொருள் இன்னும் கறாராக இருக்கிறது. ஒரு வசதி டெப்ரிகேட் ஆகிவிட்டது என்றால், அது இன்னும் வேலை செய்கிறது, ஆனால் புதிதாக எழுதுகிறவர்கள் அதைத் தொட வேண்டாம், ஒருநாள் எடுத்துவிடுவோம். அந்த 'ஒருநாள்' எப்போது என்பதில்தான் வேடிக்கையே.

இணையப் பக்கங்களை எழுதும் மொழி எச்.டி.எம்.எல். 1997 டிசம்பரில் வெளியான அதன் 4.0 தரநிர்ணயத்தில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒரு பட்டியலை டெப்ரிகேட் செய்தது. ஃபான்ட், சென்டர், அடிக்கோடு போடும் யு, குறுக்கே அடிக்கும் எஸ், மெனு என்று பல டேக்குகள், அதாவது எதை எப்படிக் காட்ட வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் குறிகள், அதில் இருந்தன. பக்கத்தின் அமைப்பு தனியாக, அலங்காரம் அதற்கென்றே உள்ள சி.எஸ்.எஸ் மொழியில் தனியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம். அந்த நேரத்தில் இணையத் தமிழ் முழுக்க முழுக்க எதன் தோளில் உட்கார்ந்திருந்தது தெரியுமா? ஃபான்ட் டேக்கின் தோளில். அன்று தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் 8 பிட் எழுத்துருக்கள். மற்ற மொழி எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். பக்கத்தில் எழுத்துருவின் பெயரைச் சொல்லி, அந்த எழுத்துருவை வாசகரும் இறக்கி வைத்திருந்தால் 'அம்மா' என்பது அம்மாவாகத் தெரியும். இல்லாவிட்டால் கொக்கியும் புள்ளியுமாக ஒரு கூளம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி டாம், டாப் என்று குறியீட்டுத் தரங்களை வகுத்தது. இன்னொரு பக்கம் இணையத் தமிழர்கள் திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கியிருந்தார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் பக்கத்தின் தலைமாட்டில் அந்த ஃபான்ட் டேக் இருந்தது.

சி.எஸ்.எஸ் மாற்று வழி இருந்ததே என்பார்கள். இருந்தது, ஆனால் அன்றைய உலாவியான நெட்ஸ்கேப் 4-இல் அது ஒழுங்காக வேலை செய்தால்தானே! உண்மையான மாற்று, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி இடம் தரும் யூனிகோட். அது சாதாரணக் கணினிக்கு வந்தது விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு. அதற்குப் பிறகுதான் நாம் டேக்கை விட்டோம். யாரோ ஏற்கவில்லை என்று சொன்னதற்காக ஒருவரும் விடவில்லை. போக வேறு இடம் கிடைத்தது, போனோம். இப்போதும் ஃபான்ட் டேக் போட்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், உலாவி அழகாகக் காட்டும்.

அந்தப் பட்டியலில் இருந்த யு, எஸ், மெனு மூன்றும் எச்.டி.எம்.எல் 5-இல் புதிய பொருளோடு மன்னிக்கப்பட்டுத் திரும்பி வந்தன. ஜாவா என்ற நிரல் மொழியிலும் இப்படி நடந்திருக்கிறது. இயங்குதள மாறிகளைப் படிக்கும் 'கெட் என்வ்' ஒரு காலத்தில் டெப்ரிகேட் ஆகி, ஜாவா 5-இல் மறுவாழ்வு பெற்றது. மேல்முறையீட்டில் விடுதலை.

ஜாவாக்காரர்கள் பொறுமைசாலிகள். 'டேட்' வகுப்பில் ஆண்டைக் கேட்டால் 1900-ஐக் கழித்துவிட்டுத்தான் தரும். 2025 என்பது 125. மாதம் பூஜ்யத்தில் தொடங்கும். இந்தக் கூத்தை 1997-இல், ஜாவா 1.1-லேயே டெப்ரிகேட் செய்துவிட்டார்கள். இன்றும் அது அங்கேயே இருக்கிறது, கேட்டால் 125 என்கிறது. ஓடுகிற த்ரெடை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையை, நடுவில் வெட்டி நிறுத்தும் 'ஸ்டாப்' இதைவிட ஆபத்தானது. த்ரெட் பிடித்திருந்த பூட்டுகளை அப்படியே அவிழ்த்துவிடும், பாதி எழுதிய தகவல் பாதியிலேயே மற்றவர் கண்ணில் படும். 1998-இல் டெப்ரிகேட் ஆனது. உண்மையிலேயே அது வேலை செய்வதை நிறுத்தியது ஜாவா 20-இல், 2023-இல். ஒரு குழந்தை பிறந்து, படித்து, வேலைக்குச் சேர்ந்து, அந்த ஸ்டாப்பைத் தன் நிரலில் எழுதித் திட்டும் வாங்கியிருக்கலாம்.

இப்படியே போனால் சொல்லுக்கு மரியாதை இருக்காது என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். 2017-இல் ஜாவா 9 வந்தபோது டெப்ரிகேட்டை இரண்டாகப் பிரித்தார்கள். சாதாரணமாக ஏற்காதது ஒன்று. 'நீக்கப்போகிறோம்' என்ற முத்திரையோடு ஏற்காதது இன்னொன்று. எந்தப் பதிப்பிலிருந்து என்றும் கூடவே எழுதலாம். 2022 அக்டோபர் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு இந்த முத்திரைதான் ஞாபகம் வந்தது. இரண்டு இடத்திலும் 'இது கூடாது' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, 'இல்லாவிட்டால் இது நடக்கும்' என்பதைச் சேர்த்திருக்கிறார்கள்.

பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழிக்காரர்களின் சிக்கல் வேறு. டெப்ரிகேஷன் எச்சரிக்கைகள் நிரல் எழுதியவரை விட்டுவிட்டு, அதை ஓட்டுகிற அப்பாவிப் பயனர்களைப் பயமுறுத்துகின்றன என்று 2010-இல் பைத்தான் 2.7-இல் அவற்றை இயல்பாகவே மறைத்து வைத்தார்கள். யார் காதிலும் விழாத அதிருப்தி! அப்புறம் 2018-இல் 3.7-இல் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். 'மேப்பிங்' என்ற ஒன்றை 'கலெக்‌ஷன்ஸ்' தொகுப்பிலிருந்து நேராக எடுக்காதீர்கள், அதன் உட்பிரிவிலிருந்து எடுங்கள் என்று 2012-இல் சொன்னார்கள். 2021 அக்டோபரில் 3.10-இல் பழைய வழியை அடைத்தார்கள். ஒன்பது ஆண்டு அவகாசம். அடைத்த அன்று ஊரெல்லாம் அலறல். எங்கள் அலுவலகத்திலும் ஒரு உள் கருவி படுத்தது. 'முன்னாடியே சொல்லக் கூடாதா?' என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். பழைய வெளியீட்டுக் குறிப்பை அச்செடுத்து அவன் மேஜையில் வைத்தேன். அற்ப சந்தோஷம்தான், இருந்தாலும் சந்தோஷம்.

ஆனால் அவன் கேட்டதில் விஷயம் இருக்கிறது. ஏற்கவில்லை என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. அதனால் நான் எழுதும் குறிப்புகளில் டெப்ரிகேட் என்ற சொல்லைத் தனியாக நிற்க விடுவதில்லை. பதிலுக்கு எதைப் பயன்படுத்த வேண்டும், பழையது எந்தத் தேதிவரை உயிரோடு இருக்கும் என்று எழுதித் தராத பொறியாளரிடம் குறிப்பைத் திருப்பி அனுப்பிவிடுவேன். தேதி கேட்டால் மட்டும் எல்லோருக்கும் தொண்டை அடைக்கும். 'வருங்காலப் பதிப்பில் நீக்கப்படலாம்' என்று போடுங்களேன் என்பார்கள். 'படலாம்' என்பது எனக்கு ஆகாத சொல். அதைப் படித்து ஒருவரும் ஒரு வரி நிரலையும் மாற்றமாட்டார்கள்.

போன ஆண்டு இன்னொரு வேலை சேர்ந்துகொண்டது. எங்கள் பில்லிங் மென்பொருளுக்குத் தமிழ் வடிவம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை, பாத்திரக் கடை முதலாளிகள். பழைய பில் படிவம் ஒன்றை எடுத்துவிடப்போகிறோம். ஆங்கிலத் திரையில் அதன் பக்கத்தில் 'டெப்ரிகேட்டட்' என்று சின்னதாக ஒரு பட்டை. தமிழில் என்ன போடுவது? இயந்திர மொழிபெயர்ப்பு 'மதிப்பிழந்தது' என்றது, என் தம்பியின் காதுதான் அதற்கும் போலிருக்கிறது. குழுவில் ஒருவர் 'வழக்கொழிந்தது' என்றார். ஆயிரக்கணக்கான பில் தினமும் அதில்தானே அடிக்கிறார்கள், எங்கே ஒழிந்தது? 'கைவிடப்பட்டது' என்றால் இன்றே வேலை செய்யாதோ என்று பதறிப் போன் அடிப்பார்கள். 'கண்டிக்கத்தக்கது' என்று ஒரு பத்திரிகைப் பழக்கம் உள்ளவர் சொன்னார். பாத்திரக் கடைக்காரர் என்ன பாவம் செய்தார்?

நான் எழுதியது: 'இந்தப் படிவம் மார்ச் 31 வரை மட்டும். புதிய படிவத்துக்கு மாற இங்கே அழுத்தவும்.'

பட்டையில் இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் முகம் சுளித்தார், பட்டையைப் பெரிதாக்கச் சொன்னேன். மேலாளருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. 'தயவுசெய்து' சேர்த்துக்கொண்டேன், தேதியை விட்டுத்தரவில்லை. வாடிக்கையாளர்கள் போன் செய்து திட்டினார்கள். புதுப் படிவத்தில் மொத்தத் தொகை வலது பக்கம் போய்விட்டது, எழுத்து சிறிதாக இருக்கிறது, பழசுக்கு என்ன கேடு என்றெல்லாம். எல்லாத் திட்டும் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதி உதவி மையத்தில் வழக்கமான கூட்டம்தான்.